புறக்கடைச் செல்வம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் தமிழில் உண்டு. கால்நடையே செல்வமாக இருந்த வாழ்வின் தடம் அச்சொல்லில் பதிந்திருக்கிறது. அவ்வாழ்வு பெரும்பண்ணைகளில் மட்டும் நிகழ்ந்ததன்று. சிறிய வீட்டின் பின்புறத்தில், பத்துக் கோழியும் இரண்டு ஆடும் ஒரு பசுவுமாக இன்றும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. நகரங்கள் விரிந்து வீட்டுமனைகள் சுருங்கும் இக்காலத்தில், புறக்கடை நமக்குக் கற்றுத் தந்தவை எவை, அவற்றுள் நாம் காத்துக்கொள்ள வேண்டியவை எவை என்பதை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இப்பாடம்.

வீட்டின் மற்றொரு வாயில்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், நகரை ஒட்டி அமைந்திருக்கும் ஊர் வேங்கிக்கால். அவ்வூருக்கென ஓர் ஏரி உண்டு. 1989ஆம் ஆண்டு வடஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. அதனைத் தொடர்ந்து அலுவலகங்களும் குடியிருப்புகளும் கடைகளும் பெருகின. இன்று சாலையில் செல்வோர்க்கு நகரம் முடிந்து வேங்கிக்கால் தொடங்கும் இடம் எதுவெனப் பிரித்தறிவது எளிதன்று.

ஆயினும் பெருஞ்சாலையை விட்டு விலகி உட்தெருக்களில் நடந்தால், விடியற்காலையில் சேவல் கூவும் ஓசையை இன்றும் கேட்கலாம். ஓட்டு வீட்டின் பின்னே ஒரு வேப்பமரம், அதன் நிழலில் கட்டுத்தறி, சுவரோரம் கவிழ்த்த கூடை, மூலையில் எருக்குழி என அமைந்த சிறிய இடமே புறக்கடை. கடை என்பது வாயிலையும் குறிக்கும் சொல். வீட்டின் பின்வாயிலையும் அதனை அடுத்த வெளியையும் புறக்கடை என்றனர் நம் முன்னோர். முன்வாயில் விருந்தினரை வரவேற்றது. பின்வாயில் வீட்டின் பிழைப்பைத் தாங்கியது.

இன்று அரசு ஆவணங்களிலும் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்றே இத்தொழில் வழங்கப்படுகிறது. பழஞ்சொல் ஒன்று புதுப்பயன் பெற்று வாழ்வதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கிளறிய மண்ணில் கிடைக்கும் இரை

புறக்கடையின் நாள், கோழிக்கூண்டின் கதவைத் திறப்பதில் தொடங்குகிறது. இரவெல்லாம் அடைபட்டிருந்த கோழிகள் வெளியேறியதும் சிறகை உதறிக்கொண்டு எருக்குழியை நாடி ஓடும். வீட்டார் இறைப்பது ஒரு கைப்பிடி நொய்யும் தவிடும்தான். மீதி உணவை அவை தாமே தேடிக்கொள்கின்றன. சிந்திய தானியம், புல்லின் விதை, கீரைத் தளிர், புழு, பூச்சி, கறையான் ஆகிய அனைத்தும் அவற்றுக்கு இரையாகும். பற்களற்ற கோழி, இரையோடு சிறு கற்களையும் விழுங்கும். வலிய தசைகளாலான அரைப்பை, அக்கற்களின் துணையோடு தானியத்தை அரைத்துவிடும்.

குஞ்சுகளுக்குப் புரதம் மிகுந்த உணவு தேவை. கடைத்தீவனம் அறியாத காலத்திலேயே அதற்கு எளிய வழி கண்டனர் நம் மக்கள். உடைந்த பழம்பானை ஒன்றில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலைத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பர். மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். அதனைக் குஞ்சுகளின் முன் தட்டினால் சில நொடிகளில் பானை வெறுமையாகிவிடும். செலவின்றிக் கிடைத்த இந்தச் சத்துணவைக் கால்நடை அறிவியலாரும் இன்று பரிந்துரைக்கின்றனர்.

நாட்டுக்கோழிகளுள் உருவில் சிறியதைச் சிறுவிடை என்றும், உயர்ந்து பருத்ததைப் பெருவிடை என்றும் வழங்குவர். கழுத்தில் இறகில்லாத வகைக்குக் கழுத்தறுத்தான் என்று பெயர். பண்ணையில் வளரும் வெள்ளை முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடும். சிறுவிடையோ 60 முதல் 80 முட்டைகளையே தரும். முட்டைக் கணக்கை மட்டும் பார்த்தால் சிறுவிடை தோற்றதுபோல் தோன்றும். ஆனால், அது தன் இரையைத் தானே தேடும், பகைகண்டு ஒளியும், முட்டையைத் தானே அடைகாக்கும், குஞ்சைத் தானே வளர்க்கும். மிகுதியாக முட்டையிடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட பண்ணைக்கோழி, அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அதன் இடத்தில் மின்பொறிகள் முட்டையைப் பொரிக்கின்றன.

அடைகாத்தல்

முட்டையிட்டு முடித்த கோழி ஒருநாள் கூட்டைவிட்டு எழ மறுக்கும். அருகில் சென்றால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறும். அடைக்கு வந்துவிட்டது என்று வீட்டார் அறிந்துகொள்வர். அகன்ற கூடையில் மணலோ உமியோ பரப்பி, 10 முதல் 12 முட்டைகளை அடுக்கி, அதன்மேல் கோழியை அமர்த்துவர். இடியோசையால் முட்டை கெட்டுவிடும் என்னும் நம்பிக்கையில் கூடைக்குள் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் இடும் வழக்கமும் உண்டு.

அடைகாத்தல் 21 நாள் நீளும் தவம். நாளில் ஒருமுறை சிறிது நேரம் மட்டும் கோழி எழுந்து, இரையுண்டு, நீர் பருகி, புழுதியில் புரண்டு மீளும். மற்றைப் பொழுதெல்லாம் உடற்சூட்டை முட்டைக்கு ஈந்துகொண்டிருக்கும். கரு ஓட்டோடு ஒட்டிவிடாதபடி முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டும். ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் நகர்த்தும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியின் முன் பிடித்துப் பார்ப்பர். உள்ளே செந்நரம்புகள் கிளைத்திருந்தால் அது கருவுற்ற முட்டை. ஒன்றும் தோன்றாது தெளிந்திருந்தால் கருவற்றது. கெட்டுப்போன கூமுட்டையை நீக்காவிடில் அது வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும். அறிவற்றவரைக் 'கூமுட்டை' என இகழும் பேச்சுவழக்கு இக்கூடையிலிருந்து பிறந்ததே.

இருபத்தோராம் நாள், குஞ்சு தன் அலகின் நுனியிலுள்ள சிறு முள்போன்ற உறுப்பால் உள்ளிருந்தே ஓட்டைக் கொத்தி உடைக்கும். ஓடு உடையும் முன்னரே உள்ளிருக்கும் குஞ்சும் தாயும் ஒன்றுக்கொன்று குரல் கொடுக்கும். பிறக்குமுன் மஞ்சள்கருவின் எஞ்சிய பகுதியைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், முதல் நாளில் இரையின்றியும் அது வாழும். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாதம் தாயின் பின்னே திரிந்து எதை உண்பது, எதற்கு அஞ்சுவது என்று கற்றுக்கொள்ளும். பருந்தின் நிழல் தரையில் படர்ந்ததும் தாய் எழுப்பும் குரல் ஒன்று. இரை கண்டதும் அழைக்கும் குரல் மற்றொன்று. இரண்டையும் குஞ்சு பிழையின்றிப் பிரித்தறியும்.

---
தெரியுமா?

உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகளின் முதன்மை மூதாதை, தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செம்மைநிறக் காட்டுக்கோழி. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புகளே வீட்டுக்கோழிக்குரிய மிகப் பழைய உறுதியான சான்றுகள் என 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. தானியம் விளைந்த இடங்களை நாடிவந்த காட்டுக்கோழியே மெல்ல மெல்ல மனிதரோடு பழகியது என்பது அவ்வாய்வின் கருத்து. வீட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள்நிறத் தோலுக்குரிய மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டறிந்தது.
---

எதுவும் வீணாகாத வட்டம்

திருவண்ணாமலை வட்டாரத்து மானாவாரிப் பயிர்களுள் நிலக்கடலை குறிப்பிடத்தக்கது. இங்குள்ள மக்கள் அதனை மல்லாட்டை என்பர். கடலை மனிதர்க்கு, பறித்தபின் எஞ்சும் கொடி மாட்டுக்கு, எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கும் மாட்டுக்கே. நெல் அறுத்தால் அரிசி அடுப்புக்கு, வைக்கோல் தொழுவத்துக்கு, தவிடும் நொய்யும் கோழிக்கு, அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்த்தொட்டிக்கு. வீட்டில் எஞ்சும் எதற்கும் ஓர் உயிர் உரிமை கொண்டாடுகிறது.

அவை உண்டபின் தருவனவும் வீணாவதில்லை. மாட்டுச்சாணம் எருக்குழியில் மக்கி நிலத்துக்குச் செல்கிறது. சிறிது வறட்டியாகி அடுப்பெரிக்கிறது. ஆட்டுப்புழுக்கை மெல்லக் கரைந்து பயிருக்கு நெடுநாள் உரமாகிறது. சாணத்தில் ஈ இடும் முட்டையிலிருந்து தோன்றும் புழுக்களைக் கோழி கிளறித் தின்கிறது. படுத்திருக்கும் பசுவின் உடலில் ஒட்டிய உண்ணியையும் கொத்தி எடுக்கிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதால் வட்டம் நிறைவுறுகிறது. குன்றா வளம் என்று அறிவியல் இன்று போற்றுவதை ஏட்டில் படியாமலே செய்துவந்தது புறக்கடை.

வெள்ளாட்டை ஏழையின் பசு என்பர். அதன் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். இரண்டாண்டில் மூன்று முறை ஈனும், இரட்டைக்குட்டி இயல்பு. தரையில் மேய்வதைவிட எட்டிப் பறிக்கும் தழையையே அது மிகுதியும் விரும்பும். அகத்தி, வாகை, பூவரசு ஆகியவற்றின் கிளைகளைத் தலைமட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால் நிறைவாக உண்ணும். பசுவோ ஏறத்தாழ 280 நாள் சுமந்து ஒரு கன்றை ஈனும். ஈன்றவுடன் சுரக்கும் சீம்பாலில் நோயெதிர்ப்பாற்றல் தரும் பொருள்கள் செறிந்துள்ளன. பிறந்த சில மணிநேரத்திற்குள் அதனைக் கன்று பருகியாக வேண்டும். எனவே, கன்று குடித்து எஞ்சியதே வீட்டாருக்கு என்பது அன்பின் முறை மட்டுமன்று, அறிவின் முறையுமாகும்.

வாரமும் சிறுவாடும்

கோழியோ ஆடோ வாங்கப் பணமில்லாத குடும்பம் அவற்றை எவ்வாறு பெறும்? அதற்கு ஊர் கண்டறிந்த வழியே வாரம். உடையவர் ஒரு பெட்டையாட்டை இன்னொருவரிடம் வளர்க்கத் தருவார். வளர்ப்பவர் உழைப்பை இடுவார். பிறக்கும் குட்டிகளை இருவரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வர். கோழிக்கும் இம்முறை உண்டு. எழுத்தில்லை, சான்றொப்பம் இல்லை, சொல்லே பத்திரம். கைம்பொருள் ஏதுமின்றித் தொடங்கிய ஒரு குடும்பம் சில ஆண்டுகளில் தனக்கெனச் சிறு மந்தையை உடைமையாகப் பெற இம்முறை வழிவகுத்தது.

நிலத்தின் வருவாய் பெரும்பாலும் ஆடவர் கைக்குச் சென்றது. முட்டையும் மோரும் விற்ற காசோ வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது. அடுக்குப்பானையிலும் அரிசிப்பானையிலும் ஒளிந்து வளர்ந்த அச்சேமிப்புக்குச் சிறுவாடு என்று பெயர். குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து, பள்ளிக்குக் குறிப்பேடு, மகளுக்கு ஒரு தோடு என எவரையும் கேட்காமல் செலவிடும் உரிமையை அச்சிறுகாசு பெண்ணுக்கு வழங்கியது. பெருஞ்செலவு நேர்ந்தால் ஆடு விற்கப்பட்டது. பால்காசு மாதந்தோறும் வரும் ஊதியம், முட்டைக்காசு கைச்செலவு, ஆடு அவசரத்துக்கு எடுக்கும் வைப்புநிதி.

இவ்வுண்மையை அறிந்தே அரசுத் திட்டங்களும் பெண்களை முன்னிறுத்தின. 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லாக் கறவைப்பசு, ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கப்பட்டன.

எனினும் வளர்த்ததை விற்கும் நாள் எளிய நாளன்று. பால்புட்டியில் ஊட்டி வளர்த்த குட்டி கிடாயாகிச் சந்தைக்குப் புறப்படும்போது பிள்ளைகள் அழுவர். அதன் விலையில்தான் அவர்களுடைய பள்ளிச்செலவு இருக்கிறது என்பதைப் பெரியவர் அறிவர். அன்பும் தேவையும் ஒரே கயிற்றின் இருமுனைகளாக நிற்கும் அக்கணத்தைப் புறக்கடை மறைப்பதில்லை. உணவும் பணமும் ஓர் உயிரிடமிருந்து வருகின்றன என்பதை அது நேரே காட்டிவிடுகிறது.

நோயும் காவலும்

'ஆடுமாடு இல்லாதவன் அடைமழைக்கு ராசா' என்பது பழமொழி. கால்நடை உள்ள வீட்டுக்கு விடுமுறை இல்லை. கொட்டும் மழையிலும் தழை ஒடிக்க வேண்டும். திருவிழா நாளிலும் தண்ணீர் காட்ட வேண்டும். இரவில் கோழி கலைந்து கத்தினால் விளக்கெடுத்துச் செல்ல வேண்டும். கீரியும் பாம்பும் காட்டுப்பூனையும் தெருநாயும் கூண்டின் சிறு துளையையும் கண்டுபிடித்துவிடும்.

அவற்றினும் கொடியது நோய். வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் நேற்றுவரை நிறைந்திருந்த கூண்டு ஓரிரு நாளில் வெறுமையாகும். 1920களின் பிற்பகுதியில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் அதனைக் குறிப்பர். நச்சுயிரியால் வரும் இந்நோய் கண்டபின் குணப்படுத்த மருந்தில்லை. வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சு பிறந்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் ஓர் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஊர்தோறும் முகாம் நடத்தி இத்தடுப்பூசியை வழங்குகிறது. முகாம் நாளன்று கோழிகளைத் திறந்துவிடாமல் அடைத்துவைத்திருப்பதே வீட்டார் செய்யவேண்டிய முதற்பணி.

தடுப்பூசியின் ஆற்றலுக்கு மாட்டுலகில் ஒரு பெருஞ்சான்று உண்டு. வெக்கை எனப்பட்ட கொள்ளைநோய் நூற்றாண்டுகளாக மந்தை மந்தையாக மாடுகளை அழித்தது. இடைவிடாத தடுப்பூசிப் பணியின் பயனாக 2011ஆம் ஆண்டு அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப்பின் மனிதர் முற்றிலும் ஒழித்த இரண்டாம் நோய் அதுவே. இந்நோய்களைக் குறித்த கல்வியையும் ஆய்வையும் தமிழ்நாட்டில் வளர்ப்பதற்கெனத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989ஆம் ஆண்டு நிறுவப்பட்டது.

கல்லில் நிற்கும் நன்றி

வளர்ப்புயிர்களிடம் நம் மக்கள் கொண்ட உறவுக்குத் திருவண்ணாமலை வட்டாரம் கல்லெழுத்தே சான்றாகத் தருகிறது. செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை கவர வந்தோரோடு பொருது மடிந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் அவற்றுள் பல. எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியது. எருமைகளைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் நினைவாக அக்கல் நிறுவப்பட்டது. வீரனின் உருவத்தருகே ஒரு நாயின் உருவமும் உள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்றும் அக்கல்வெட்டு கூறுகிறது. அரசர் பெயர் பொறித்த கல்லிலேயே ஒரு நாயின் பெயரையும் பொறித்து அதன் நினைவைக் காத்தனர் அம்மக்கள்.

இம்மரபு அண்டைப் பகுதியிலும் காணப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த சேவல் ஒன்றுக்கே நடுகல் எடுத்துள்ளனர். சேவற்போரில் மடிந்த பறவைக்கு எடுத்த கல் அது. சோழரின் பழந்தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்ததையும் இங்கு நினைவுகூரலாம்.

சேவற்போர் போன்றவற்றை இன்று நாம் ஏற்பதில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்க 1960ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆயினும் அக்கற்கள் சொல்லும் ஒன்று காலத்தால் பழையதாகாது. மனிதருக்காக உயிர்விட்ட விலங்கும் மனிதரால் நினைக்கப்படும் தகுதி உடையது என்பதே அது.

புறக்கடை தந்த சொல்வளம்

உயிர்களோடு நெருங்கி வாழ்ந்த சமூகம், அவற்றின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பதும் இளமைப்பெயர்கள். மோத்தை, தகர், உதள், அப்பர் என்பன ஆட்டின் ஆண்பாற்பெயர்கள். பெட்டைக்கோழிக்கு அளகு என்றொரு பெயர் உண்டு. கோழிக்கும் கூகைக்குமன்றிப் பிற பறவைகளுக்கு அப்பெயர் பொருந்தாது என்கிறது மரபியல்.

அந்நுட்பம் ஊர்ப்பேச்சில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. முதன்முறை முட்டையிடவிருப்பது வெடைக்கோழி. அடையில் இருப்பது அடைகோழி. கன்று ஈனாத இளம்பசு கிடாரி. கிடாய் என்பது ஆட்டின் ஆண். கோழி கொக்கரிக்கும், சேவல் கூவும், ஆடு கத்தும், பசு கதறும், எருமை எக்காளமிடும். ஆட்டுக்குப் பட்டி, மாட்டுக்குத் தொழுவம், கோழிக்குக் கூண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இச்சொற்களைப் புறக்கடையில் வளர்ந்த குழந்தை ஐந்து வயதிலேயே அறிந்திருந்தது. பொருளைக் கண்டு கற்ற சொல் மறப்பதில்லை. பொருள் கண்ணிலிருந்து மறைந்தால் சொல்லும் நாவிலிருந்து மறையும்.

சுருங்கும் வெளி, தொடரும் கடமை

புறக்கடைக் கோழி அழிந்துவருகிறது என எண்ணுவது பொருந்தாது. 2019ஆம் ஆண்டின் 20ஆம் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கோழியினங்களின் எண்ணிக்கை 85.18 கோடி. அவற்றுள் 31.7 கோடி புறக்கடையில் வளர்வன. முந்தைய கணக்கெடுப்பைவிடப் புறக்கடைப் பறவைகள் ஏறத்தாழ 46 விழுக்காடு கூடியுள்ளன. மொத்தக் கோழியினங்களின் எண்ணிக்கையில் 12 கோடிக்கு மேற்பட்ட பறவைகளுடன் தமிழ்நாடு அக்கணக்கெடுப்பில் முதலிடத்தில் நின்றது. நாட்டுக்கோழிக்கும் அதன் முட்டைக்கும் நகரத்தார் மிகுந்த விலை தருகின்றனர்.

குறைந்துவருவது நகரை ஒட்டிய ஊர்களின் வெளியே. வேங்கிக்கால் போன்ற ஊர்களில் மேய்ச்சல் நிலம் மனைப்பிரிவாகிறது. மனையின் எல்லைவரை சுவர் எழுகிறது. மண்தரை கற்காரைத் தளமாகிறது. கிளற மண்ணில்லாத கோழிக்குத் தீவனம் வாங்க வேண்டியிருக்கிறது. விடியலில் கூவும் சேவல் அண்டை வீட்டாருக்கு இடையூறாகிறது. சாணத்துக்கு எருக்குழி இல்லாதபோது அது கழிவுநீர்க் கால்வாயைச் சேர்கிறது. உரமாக இருந்தது அங்கு மாசாகிறது. இம்மாற்றத்தில் முதலில் இழப்பவர், நிலமின்றி இரண்டு ஆட்டையும் பத்துக் கோழியையும் நம்பி வாழும் முதிய பெண்களே. அவர்கள் இழப்பது இரண்டு ஆடுகளை மட்டுமன்று. பிறரிடம் கையேந்தாமல் வாழும் தன்மதிப்பையும் ஆகும்.

நகரம் வளர்வதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டியதில்லை. வளரும் நகரம் தன் ஓரங்களில் வாழும் உயிர்களுக்கும் அவற்றை வளர்ப்போருக்கும் இடம் விட்டு வளர இயலும். ஏரிக்கரையும் மேய்ச்சல் வெளியும் காக்கப்பட வேண்டும். வளர்ப்போரும் தம் இடத்தின் அளவறிந்து வளர்க்க வேண்டும்; கூண்டைத் தூய்மையாக வைத்து, எருவை மக்கச்செய்து, தடுப்பூசி தவறாது போட்டால் அண்டை வீட்டாரோடு பிணக்கு நேராது.

வீட்டில் எதையும் வீணாக்காதே, உன்னை நம்பிய உயிரைப் பசிக்க விடாதே, பெற்றதில் பாதியை உழைத்தவர்க்குப் பகிர்ந்து கொடு என்பனவே புறக்கடை கற்பித்த பாடங்கள். கோழிக்கூண்டு இல்லாத அடுக்ககத்தில் வாழ்வோர்க்கும் இப்பாடங்கள் பொருந்தும். புறக்கடை சுருங்கலாம், அது வளர்த்த மனம் சுருங்காமல் காப்பது நம் கடமை.

---
சொல்லும் பொருளும்

புறக்கடை – வீட்டின் பின்வாயில், பின்புறம்; கட்டுத்தறி – கால்நடைகளைக் கட்டும் முளை; நொய் – உடைந்த அரிசி; கூமுட்டை – கெட்டுப்போன முட்டை; சீம்பால் – ஈன்றவுடன் சுரக்கும் பால்; வாரம் – பங்கு முறை; சிறுவாடு – பெண்களின் சிறுசேமிப்பு; அளகு – பெண்கோழி; கூகை – ஆந்தை வகை; ஆநிரை – பசுக்கூட்டம்.

இலக்கணக் குறிப்பு

ஆடுமாடு – உம்மைத்தொகை
குஞ்சும் தாயும் – எண்ணும்மை
வெள்ளாடு – பண்புத்தொகை
குன்றா வளம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
அடைகாத்தல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

காத்தனர் = கா + த் + த் + அன் + அர்
கா – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கிளறிய = கிளறு + இ(ன்) + ய் + அ
கிளறு – பகுதி. இ(ன்) – இறந்தகால இடைநிலை, 'ன்' புணர்ந்து கெட்டது. ய் – உடம்படுமெய். அ – பெயரெச்ச விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கோழி, ஆடு, மாடு வளர்ப்பில் வழங்கும் சொற்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, அகரவரிசையில் சிற்றகராதி ஒன்றை உருவாக்குக.
2. உங்கள் வீட்டில் ஒருநாளில் சேரும் கழிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எவை ஓர் உயிருக்கு உணவாகவோ மண்ணுக்கு உரமாகவோ பயன்படும் என்று வகைப்படுத்துக.
3. 'நகர்ப்புறக் குடியிருப்புகளில் கால்நடை வளர்க்க இடமளிக்க வேண்டும்' என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கோழி முட்டை பொரிக்க ஆகும் காலம்
அ) 17 நாள் ஆ) 21 நாள் இ) 28 நாள் ஈ) 30 நாள்

2. 'கோவிவன்' என்னும் பெயர் குறிப்பது
அ) சேவல் ஆ) எருமை இ) நாய் ஈ) ஆடு

3. மரபியல் கூறும் ஆட்டின் ஆண்பாற்பெயர்
அ) அளகு ஆ) தகர் இ) பறழ் ஈ) மறி

குறுவினா

1. புறக்கடை – சொல்விளக்கம் தருக.
2. கூமுட்டையை எவ்வாறு கண்டறிவர்?
3. கறையானைக் குஞ்சுகளுக்கு உணவாக்கும் முறையை எழுதுக.

சிறுவினா

1. வாரமுறை ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வாறு துணைநின்றது?
2. எடுத்தனூர் நடுகல் உணர்த்தும் செய்திகளை விளக்குக.
3. 'பொருள் மறைந்தால் சொல்லும் மறையும்' – கால்நடை சார்ந்த சொற்களைக்கொண்டு நிறுவுக.

நெடுவினா

1. எதுவும் வீணாகாத வட்டமாகப் புறக்கடை அமைந்த திறத்தைக் கட்டுரைக்க.
2. நகர வளர்ச்சியால் புறக்கடை வாழ்வு எதிர்கொள்ளும் சிக்கல்களையும் அவற்றுக்கு நீவிர் கருதும் தீர்வுகளையும் தொகுத்து எழுதுக.